ராஜா, ராணி, ரெட்: விதி தெரியாம ஆட்டம் நின்ன இடம், பார்த்ததை எழுதுங்க

மஞ்சக்குப்பம்_ஸ்ட்ரைக்கர்:
கேரம் டபுள்ஸ். ஜெயிக்க 25 வேணும், ஒரு ஜோடி 22-ல நிக்குது. ரெட்டை (நடுவுல வைக்கிற சிவப்புக் காய்) கடைசி வரைக்கும் விட்டு வச்சிருந்து, போட்டு, அதை மூட அடுத்த சொந்தக் காயையும், அதாவது ஃபாலோவும் போட்டு போர்டை முடிச்சாங்க. பலகையில எதிராளியோட கறுப்பு ஒண்ணே ஒண்ணு பாக்கி. 22-ம் ரெட்டுக்கு 3-ம் பாக்கிக் கறுப்புக்கு 1-ம் சேர்த்து 26-ன்னு எழுந்து கை குலுக்கிட்டாங்க. நடுவர் உட்காரச் சொன்னார்: "ஸ்கோர் 23."

ரெட்டுக்கு 3 பாயிண்ட் 21 வரைக்கும் இருக்கிறவங்களுக்குத்தான். 22-ஐத் தொட்டுட்டா கிடையாது. ஆனா பாயிண்ட் இல்லைங்கிறதுக்காக ரெட்டை அப்படியே விடவும் முடியாது. அது பலகையில இருக்கும்போது உங்க கடைசிக் காய் விழுந்தா போர்டு போச்சு. அதனால 22-லயோ அதுக்கு மேலயோ இருக்கிறவங்க ரெட்டைச் சீக்கிரம் மூடிடணும். எதிராளி காய் நிறைய மிச்சம் இருக்கும்போதே முடிச்சாத்தான் 25 வரும். இவங்க தாமதிச்ச நேரத்துல எதிர்ப்பக்கம் எட்டு கறுப்பை உள்ள தள்ளிட்டாங்க. தோல்வி அங்கதான் ஆரம்பிச்சது.

திருப்பாப்புலியூர்க்காரன்:
ரெட்டுக்கு 5-ன்னுதான் எங்க தெருவுல காலங்காலமா ஆடுறோம். 3-ங்கிறது போட்டிக்கு. தெரு ஆட்டத்துல அதைக் கொண்டுவந்து சண்டை போடக் கூடாது.

இன்னொண்ணு. நம்ம ஊர்ல விதியை விடப் பலகைதான் ரெட்டைக் கெடுக்குது. கடல் காத்துல போரிக் பவுடர் ஈரம் இழுத்துக் கட்டி கட்டியா நிக்கும். மெதுவா போற காய் அதுல இடிச்சுத் திரும்பும், ஃபாலோ தவறும். பவுடரை மெல்லிசுத் துணியில முடிஞ்சு பலகை மேல தட்டுங்க, கையால அள்ளிப் போடாதீங்க. ஒவ்வொரு போர்டு முடிஞ்சதும் காஞ்ச துணியால ஒரே திசையில துடைங்க. காய்களோட அடிப்பக்கத்தையும் துடைக்கணும், அழுக்கு ஒட்டுறது அங்கதான். ஆட்டம் முடிஞ்சா பலகையை ஈரச் சுவத்துல சாய்க்காதீங்க. பிளைவுட் வளைஞ்சா நடு வட்டத்துல வச்ச ரெட் தானா ஒரு பக்கம் இழுக்கும். அப்புறம் எந்த விதி இருந்தும் பிரயோஜனம் இல்ல.

மஞ்சக்குப்பம்_ஸ்ட்ரைக்கர்:
5-ன்னு ஆடுங்க, தப்பே இல்ல. ஆட ஆரம்பிக்கும் முன்னாடி சொல்லிடணும், அவ்வளவுதான். இதையும் சேர்த்துச் சொல்லுங்க: சொந்தக் காய் ஒண்ணாவது உள்ள போகாம ரெட்டைப் போடலாமா? போட்டி விதிப்படி கூடாது. தெருவுல பாதிப்பேர் முதல் அடியிலயே ரெட்டுக்குப் போறாங்க.

லாஸ்பேட்டை_யானை:
சதுரங்கம். பள்ளிக்கூடப் பசங்க போட்டி. வெள்ளைக் காய் ஆடின பையன் கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே முறையில நகர்த்துறது) பண்ண முதல்ல யானையைத் தொட்டான், அப்புறம் ராஜாவை. எதிர்ல இருந்த பொண்ணு உடனே கடிகாரத்தை நிறுத்திக் கையைத் தூக்கிடுச்சு. அது செஞ்சது நூத்துக்கு நூறு சரி. கேஸ்லிங் ராஜாவோட நகர்வு, அதனால ராஜாவைத்தான் முதல்ல தொடணும், அதுவும் ஒரே கையால. யானையை முதல்ல தொட்டா அந்தப் பக்கம் அந்த முறை கேஸ்லிங் கிடையாது, யானையையே நகர்த்தணும். நகர்ந்த யானையோட பிறகு எப்பவும் கேஸ்லிங் பண்ண முடியாது. ஒரு விரல் பட்டதுக்கு ராஜா நடுவுலயே மாட்டிக்கிட்டார்.

பெரியவங்களும் குழம்புற இடம் ஒண்ணு இருக்கு. கேஸ்லிங் பண்ணும்போது ராஜா செக்ல இருக்கக் கூடாது, தாண்டுற கட்டமும் இறங்குற கட்டமும் எதிரி தாக்குதல்ல இருக்கக் கூடாது. யானை தாக்குதல்ல இருந்தா பரவாயில்ல. சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனா யானையைத் தலைகீழா வச்சு ராணின்னு சொல்றதும் செல்லாது. அது யானையாத்தான் கணக்கு. ராணிக் காய் பக்கத்துல இல்லேன்னா கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கேட்கணும்.

வில்லியனூர்_பழைய_ஆட்டம்:
கேஸ்லிங்கே இல்லாத ஆட்டத்தையும் நம்ம வீடுகள்ல ஆடியிருக்காங்க. ராஜா செக் வாங்காத வரைக்கும் ஒரே ஒரு தடவை குதிரைப் பாய்ச்சல் பாயலாம். சிப்பாய் முதல் நகர்வுலயும் ஒரு கட்டம்தான். அதைத் தப்புன்னு பசங்களை அதட்டாதீங்க. அது நம்ம நாட்டுப் பழைய முறை. போட்டிக்கு அனுப்பும்போது ரெண்டும் வேறன்னு சொல்லிக் கொடுத்தாப் போதும்.

குருசுக்குப்பம்_துருப்பு:
சீட்டுல யாருமே சொல்லலையே. பிரான்ஸ்ல இருந்து வந்திருந்த சொந்தக்காரங்களோட பெலோத்னு அவங்க ஊர்ச் சீட்டாட்டம். நம்ம பக்கத்து 304 சீட்டாட்டம் ஆடிப் பழகினவர் ஒருத்தர் துருப்பு ராஜாவையும் ராணியையும் கையில வச்சுக்கிட்டு, 4-ம் 3-ம் தானே, சின்னச் சீட்டுன்னு சத்தமில்லாம இறக்கிட்டார். 20 பாயிண்ட் போச்சு. அந்த ரெண்டும் ஒரே கையில இருந்தா, முதல்ல எதை இறக்கினாலும் "பெலோத்", அடுத்ததை இறக்கும்போது "ரெபெலோத்"னு வாய் திறந்து சொல்லணும். சொன்னா, எடுத்த ஆட்டம் தோத்தாலும் அந்த 20 பாயிண்ட் அவங்களுக்கே.

304 ஆடுறவங்க கவனிக்க: துருப்புல ஜாக்கி 20, ஒன்பது 14, அதனால பழகின மாதிரிதான் இருக்கும். மத்த ஜாதியில ஆஸ் 11, பத்து 10, ராஜா 4, ராணி 3, ஜாக்கி 2, ஒன்பதுக்கு ஒண்ணுமில்ல. அங்கதான் கை தவறும். கடைசிப் பிடிக்கு 10, மொத்தம் 162. துருப்பைத் தேர்ந்தெடுத்த ஜோடி 82 எடுத்தாகணும். கேட்ட ஜாதி கையில இல்லேன்னா வெட்டணும், முன்னாடி வெட்டினதை விடப் பெரிசா இருந்தா அதைத்தான் போடணும். பிடி உங்க கூட்டாளி கையில இருந்தா மட்டும் வெட்ட வேண்டியதில்ல.