பாப்ரோவ்ஸ்கிக்கு ஏன் இவ்வளவு மவுசு?

நீலக்கோடு:
ஐஸ் ஹாக்கி அணி ஃப்ளோரிடா பாந்தர்ஸோட கோலி (கோல்கீப்பர்) செர்கெய் பாப்ரோவ்ஸ்கி பக்கை (ஹாக்கி வட்டு) தடுத்தாலே அரங்கம் முழுக்க "பாபி, பாபி"ன்னு கத்துது. ஆனா அந்த அணிக்கு வந்த முதல் சீசன்ல (2019-20) அவரோட சேவ் பர்சன்டேஜ் (வந்த ஷாட்ல தடுத்த பங்கு) வெறும் .900. வசிலெவ்ஸ்கி, ஷெஸ்டர்கின் மாதிரி கோலிகள் இருக்கும்போது இவருக்கு ஏன் இந்த வரவேற்பு?

பக்கணக்கு:
அந்த சீசன்ல யாரும் கொண்டாடலை, திட்டத்தான் செஞ்சாங்க. முன்னாடி ஆடின கொலம்பஸ் அணியில வெசினா விருது (சிறந்த கோலிக்கானது) வாங்கின 2012-13ல .932, 2016-17ல .931. ஆட்டத்துக்கு 30 ஷாட் வருதுன்னு வச்சுக்கோங்க: .930ன்னா 2.1 கோல், .900ன்னா 3. கிட்டத்தட்ட ஆட்டத்துக்கு ஒரு கோல் கூடுது. சம்பளமோ 7 வருஷத்துக்கு 7 கோடி டாலர், அதாவது வருஷத்துக்கு ஒரு கோடி. அப்போ அணியோட மொத்த வருஷச் சம்பள வரம்பே 8.15 கோடி. எட்டுல ஒரு பங்கு ஒரு கோலிக்கே போனா, டிஃபென்ஸுக்கு நல்ல ஆள் எடுக்கக் கை கட்டிப்போடும்.

ஓவர்டைம்:
காத்து திசை மாறினது 2023 பிளேஆஃப்ல (கோப்பைக்கான நாக்-அவுட் சுற்று). 135 புள்ளி எடுத்து சாதனை படைச்சிருந்த பாஸ்டனுக்கு எதிரா 3-1ன்னு பின்தங்கி இருந்த தொடரை ஜெயிச்சாங்க. அப்புறம் அரையிறுதியில கரோலினாவோட முதல் ஆட்டம் நாலு ஓவர்டைம் போச்சு, அதுல இவர் 63 சேவ். ஒப்பந்தத்தைப் பத்தின புலம்பல் அத்தோட அடங்கிடுச்சு.

கிரீஸ்காவல்:
2024 ஏப்ரல்ல டாம்பாவோட டம்பா அடிச்சதைத் தடுத்தாரே, அதை விட்டுட்டீங்களே! (டாம்பா அணி, டம்பா ஆட்டக்காரர். குழம்பாதீங்க.) முதுகைக் காட்டிக்கிட்டே பாய்ஞ்சு பிடிச்ச சேவ். பாஸ் குறுக்கே போகும்போது கோலி ஒரு ஸ்கேட்டோட விளிம்பை ஐஸ்ல ஊன்றி உதைச்சு மறுபக்கம் நகரணும். உடல் எடை தப்பான கால்ல இருந்தா உதைக்க முடியாது, 6 அடி அகல வலை திறந்து கிடக்கும். அப்போ மிச்சம் இருக்கிறது உடம்பைத் திருப்பி எறியறது மட்டும்தான். பயிற்சியாளர் யாரும் சொல்லித்தர மாட்டாங்க, நிலை ஏற்கெனவே கெட்டுப்போனதாலதான் அந்தப் பாய்ச்சலே தேவைப்படுது. ஆனா திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிற வீடியோ அதுதான்.

பக்கணக்கு:
அதே வருஷ இறுதித் தொடரையும் சேர்த்துக்கோங்க. எட்மன்டனுக்கு எதிரா முதல் ஆட்டத்துல 32 சேவ், ஒரு கோல்கூட விடலை. தொடர்ல 3-0 முன்னிலை. அப்புறம் 8-1, 5-3, 5-1ன்னு வரிசையா தோல்வி, 4வது ஆட்டத்துல 16 ஷாட்ல 5 கோல் விட்டு பாதியிலேயே வெளியேற்றப்பட்டார். 7வது ஆட்டத்துல 23 சேவ், 2-1 வெற்றி. கேப்டன் பார்கோவ் ஸ்டான்லி கோப்பையை (லீக் சாம்பியனுக்கானது) முதல்ல இவர் கையிலதான் கொடுத்தார். 2025ல மறுபடியும் கோப்பை.

நீலக்கோடு:
புரியுது. டிராஃப்ட்ல (அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறை வச்சு எடுக்கிறது) இவரை எத்தனையாவதா எடுத்தாங்க?

ஓவர்டைம்:
யாருமே எடுக்கலை. 2010ல ஃபிலடெல்ஃபியா நேரடியா ஒப்பந்தம் போட்டது, 2012ல மூணு டிராஃப்ட் தேர்வுகளுக்கு கொலம்பஸுக்குத் தள்ளிவிட்டது. அடுத்த சீசனே வெசினா. ஃபிலடெல்ஃபியா 9 வருஷ ஒப்பந்தம் போட்டு நம்பி வச்சிருந்த இன்னொரு கோலி பிரிஸ்காலோவை 2013ல காசு கொடுத்து அனுப்பிட்டாங்க.