எலைசாவில் சீரமே சேர்க்காத குழியிலும் நிறம் வருகிறது

மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். மனித சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இருக்கிறதா என்று பார்க்க மறைமுக எலைசா (நிறத்தை வைத்து ஆன்டிபாடியைக் கண்டறியும் சோதனை) செய்கிறேன். 450 நானோமீட்டர் ஒளியில் பாசிட்டிவ் சீரம் (எதிர்ப்பொருள் உள்ளது) 1.6 ஒளி உறிஞ்சல் காட்டுகிறது, சீரமே இல்லாத குழி 0.8. டிஎம்பி (எச்ஆர்பி நொதி பட்டால் நீலமாகும் திரவம்) ஊற்றி இரண்டே நிமிடத்தில் அந்தக் குழிகளின் அடியில் நீலம் படர ஆரம்பித்துவிடுகிறது.

96 குழித் தட்டு. ஆன்டிஜென் (எதிர்ப்பொருள் ஒட்டும் இலக்கு) மில்லிக்கு 2 மைக்ரோகிராம், பிஎச் 9.6 கார்பனேட் பஃபரில், 4 டிகிரியில் ஓர் இரவு. பிளாக்கிங்குக்கு (குழியின் காலி இடங்களை அடைக்க) 1% பிஎஸ்ஏ (மாட்டு ரத்த ஆல்புமின் புரதம்), ஒரு மணி நேரம். அப்புறம் சீரம், அதன்பின் இரண்டாம் ஆன்டிபாடி: எச்ஆர்பி இணைத்த ஆட்டு ஆன்டி-ஹியூமன் ஐஜிஜி (மனித ஐஜிஜி வகை எதிர்ப்பொருளில் ஒட்டுவது), 1:5000 நீர்த்தது.

0.05% ட்வீன் 20 (சோப்பு போன்ற பொருள்) கலந்த பிபிஎஸ் உப்புக் கரைசலில் மூன்று முறைக்குப் பதில் ஆறு முறை கழுவினேன், மாற்றமில்லை. இரண்டாம் ஆன்டிபாடியை 1:20000 ஆக்கினால் பாசிட்டிவும் சேர்ந்து இறங்குகிறது. புது டிஎம்பி, புதுத் தட்டு, அதே கதை. அந்த ஆன்டிபாடியை மட்டும் விட்டுவிட்டால் குழி தெளிவாக, 0.05. ஆக டிஎம்பி மேல் தப்பில்லை. ஆன்டிஜென் பூசாத குழியிலும் 0.7 வருகிறது.

எனக்கு உறுத்துவது இதுதான்: பிஎஸ்ஏவுக்குப் பதில் 5% பால்பொடி போட்டபோது சீரமில்லாத குழி 1.1 ஆக ஏறிவிட்டது. பாலில் மாட்டு ஐஜிஜி உண்டு. என்னிடம் உள்ள இரண்டாம் ஆன்டிபாடி மாட்டுப் புரதங்களுக்கு எதிராகச் சுத்திகரிக்கப்பட்டதல்ல, அதனால் மாட்டு ஐஜிஜியிலும் ஒட்டக்கூடும். பிஎஸ்ஏவிலும் கொஞ்சம் ஐஜிஜி ஒட்டியிருக்கலாம் அல்லவா?

மீதமிருக்கும் சீரம் ஒரு தட்டுக்குத்தான் வரும். இதே சிக்கலைச் சரிசெய்தவர்கள் சொல்லுங்கள்: முதலில் மீன் ஜெலட்டினுக்கு மாறுவதா, இரண்டாம் ஆன்டிபாடியை மாற்றுவதா?