பல கேமரா வைத்துப் பாட்காஸ்ட் எடுத்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

மும்பை மாட்டுங்காவிலிருந்து:
ஓய்வுபெற்ற மோட்டார்மேன் (மின்சார ரயில் ஓட்டுநர்) ஒருவரைப் பேட்டிக்கு அழைத்திருந்தோம். அவர் முகத்துக்கு ஒரு கேமரா, எனக்கு ஒன்று, இருவரையும் சேர்த்துக் காட்ட ஒன்று என்பதே ஏற்பாடு. வாடகைக் கேமராக்களோடு வந்த ஒளிப்பதிவாளர், சன்னல் வெளிச்சம் நன்றாக விழுகிறதென்று, பெரியவருக்கான கேமராவை மட்டும் எங்கள் இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டைத் தாண்டி மறுபக்கம் வைத்தார். கோட்டைத் தாண்டலாமா என்று கேட்டதற்கு, இப்போதெல்லாம் அதை யார் பார்க்கிறார்கள் என்று சிரித்தார். தொகுத்த படத்தைப் பெரியவருக்குப் போட்டுக் காட்டினேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, நாம் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறோமே, நான் யாரிடம் பேசுகிறேன்?" என்று கேட்டார். அதில் குறை சொல்லும் தொனி துளியும் இல்லாததால்தான் இன்றும் உறுத்துகிறது.

செம்பூரிலிருந்து:
கோட்டுக்கு இவ்வளவு வருந்த வேண்டியதில்லை. அந்தக் காட்சியைத் தொகுப்பில் இடம் வலமாகப் புரட்டிப் போட்டிருக்கலாம். புரட்டித் தீராத சிக்கல் விளக்குதான். நாங்கள் அழைத்திருந்த நடன ஆசிரியையின் முகத்தில் கரும்பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்தன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. ஒரு கேமரா மட்டும் நொடிக்கு 30 ஃபிரேமிலும் (படங்கள்), 1/60 நொடி ஷட்டரிலும் (ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை உள்ளே விடும் நேரம்) இருந்திருக்கிறது. மற்ற இரண்டும் 25 ஃபிரேம், 1/50 ஷட்டரில் இருந்ததால் அவற்றில் பட்டையே இல்லை. அவருடைய மாணவி திரையைப் பார்த்து, "டீச்சர் முகத்தில் என்ன ஓடுகிறது?" என்று கேட்ட பிறகுதான் எல்லோரும் கவனித்தோம்.

சயானிலிருந்து:
புரட்டிப் போடும் யோசனையை ஏற்க முடியாது. சட்டைப் பை வலப்பக்கம் போய்விடும், பின்சுவர்க் காலண்டரின் எழுத்துகளும் திரும்பிவிடும். என் கதை சிறியது: மூன்றாவது கேமராவாக வைத்த கைப்பேசியில், ஒரு மணி நேரப் பேச்சின் முடிவில், விருந்தினர் வாய் மூடிய பிறகும் சொல் வந்துகொண்டிருந்தது. கைப்பேசி பெரும்பாலும் ஃபிரேம் வேகத்தைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் என்பதால், 25 ஃபிரேமில் பூட்டிவைக்கும் செயலியில் எடுங்கள். எடுத்து முடித்துவிட்டவர்கள் தொகுப்புக்கு முன் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒலியைத் தனிக் கருவியில் 48 கிலோஹெர்ட்ஸில் பதிவுசெய்து, தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் எல்லாக் கேமராக்களுக்கும் தெரியும்படி கை தட்டுங்கள். இரண்டாவது தட்டலில்தான் படத்துக்கும் ஒலிக்கும் இடையிலான விலகல் எவ்வளவு என்பது தெரியும். வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் எல்லாவற்றிலும் ஒரே எண்ணில் வையுங்கள், இல்லையேல் ஒரே மனிதர் ஒரு கேமராவில் மஞ்சளாகவும் மற்றொன்றில் நீலமாகவும் தெரிவார். பழைய ஸ்டில் கேமராக்கள் பல 29 நிமிடம் 59 நொடியில் தாமே நின்றுவிடும். அரை மணிக்கு மேல் பதிவாகும் கருவிக்கு ஐரோப்பாவில் இருந்த சுங்க வரியைத் தவிர்க்கவே அப்படிச் செய்தார்கள். ஆகவே, கேள்விகளுக்கு இடையே யாராவது ஒருவர், பதிவாவதைக் காட்டும் கேமராக்களின் சிவப்பு விளக்குகளைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.