கேப்பிடல் லெட்டருக்குப் பேரெழுத்து, ப்ராப்பர் நவுனுக்குத் தனிப்பெயர்

வணக்கம் நண்பர்களே,

ஆங்கில கேப்பிடல் லெட்டருக்குத் தமிழில் 'பெரிய எழுத்து' என்ற பெயரே போதும் என்று இங்கே இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். வகுப்பில் பேசுவதற்குப் போதும், பெரிய ஏபிசிடி, சின்ன ஏபிசிடி என்றுதான் நாம் எல்லாரும் படித்தோம். ஆனால் எழுத்தின் அளவைக் கூட்டினாலும் அது பெரிய எழுத்துதானே, மென்பொருளில் இரண்டு பொத்தானும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் எதை அழுத்துவது? 'முதலெழுத்து' வேண்டவே வேண்டாம். உயிர் 12, மெய் 18 சேர்ந்த 30 எழுத்துக்கும் நம் இலக்கணம் வைத்த பெயர் அது. 'தலைப்பெழுத்து' இனிஷியலுக்குப் போய்விட்டது.

என் பரிந்துரை பேரெழுத்து, சிற்றெழுத்து. பேரூர், சிற்றூர் மாதிரி, சொல்லும்போதே புரியும். வினையாக வேண்டுமென்றால் பேரெழுத்தாக்கு.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய கவலை ப்ராப்பர் நவுனை, அதாவது ஒரு குறிப்பிட்ட ஆளையோ ஊரையோ மொழியையோ மட்டும் குறிக்கும் பெயரை, 'சிறப்புப்பெயர்' என்று எழுதுவதில்தான். என் மகள் ஆங்கிலக் கட்டுரையில் ஹிஸ்டரி, சயன்ஸ், மேத்ஸ் எல்லாவற்றையும் பேரெழுத்தில் தொடங்கியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "சிறப்புப்பெயருக்குப் பெரிய எழுத்து போடணும்னு சொன்னாங்கப்பா" என்றாள். அவள் யோசித்தது தப்பே இல்லை. தமிழ் இலக்கணத்தில் அணி பொதுப்பெயர், வளையல் சிறப்புப்பெயர். பறவை பொது, மரங்கொத்தி சிறப்பு. அந்தக் கணக்கில் பாடம் பொது, வரலாறு சிறப்பு. ஆங்கிலத்தில் அப்படி இல்லை, வளையலும் மரங்கொத்தியும் எத்தனையோ உண்டு என்பதால் சிற்றெழுத்துதான், ஹிஸ்டரியும் ஒரு துறையின் பொதுவான பெயர் என்பதால் சிற்றெழுத்துதான். இங்கிலீஷ், தமிழ், பிரெஞ்ச் மட்டும் பேரெழுத்தில் வருவது அவை பாடங்கள் என்பதற்காக இல்லை, மொழியின் பெயர்கள் என்பதற்காக. அப்புறம் ஒரு பல்கலைக்கழகம் ஒரு குறிப்பிட்ட வகுப்புக்கு 'ஹிஸ்டரி 101' என்று பெயர் வைத்தால் அந்த ஹிஸ்டரிக்குப் பேரெழுத்து உண்டு. கால அட்டவணையிலும் மதிப்பெண் பட்டியலிலும் எல்லாப் பாடத்துக்கும் பேரெழுத்து வருவது தலைப்பு என்பதால். பிள்ளைகள் தினமும் பார்ப்பது அதைத்தான்.

அதனால் ப்ராப்பர் நவுனுக்குத் 'தனிப்பெயர்' என்று வைத்துக்கொள்வோம். தொல்காப்பியத்தின் 'இயற்பெயர்' பொருளில் இன்னும் நெருக்கம்தான், எனக்கும் அதன்மேல் ஆசை உண்டு. ஆனால் இன்று புனைபெயருக்கு எதிர்ச்சொல்லாகவே அதைப் படிப்பார்கள்.

கேப்பிடல் லெட்டருக்குப் 'பெயரெழுத்து' என்றே வைக்கலாமே என்று கேட்டவருக்கு: ஜெர்மன் மொழியில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பேரெழுத்து, பிரெஞ்சில் மொழிப் பெயருக்கும் கிழமைக்கும் சிற்றெழுத்து. விதி மொழிக்கு மொழி மாறுகிறது, எழுத்தின் பெயரை அதோடு கட்டக்கூடாது.

ஆங்கிலத் தலைப்புகளில் சொற்களைப் பேரெழுத்தில் தொடங்கும் முறையான 'டைட்டில் கேஸ்' இன்னும் பாக்கி. அதில் எல்லாச் சொல்லும் பேரெழுத்தில் தொடங்குவதில்லை, நடுவில் வரும் சின்னச் சின்ன இடைச்சொற்கள் அப்படியே நிற்கும். 'தலைப்புநடை' சரி வருமா, சொல்லுங்கள்.