கப்பல் மருத்துவரின் கடிதங்கள்: பழைய மருந்து அளவுக் குறிகள் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு வெளியே காவல் நின்ற வடபகுதிக் கடற்படைக் கப்பல் ஒன்றின் மருத்துவர் மனைவிக்கு எழுதிய கடிதங்களைத் தமிழாக்கி வருகிறேன். தென்பகுதியின் ஏறத்தாழ 3,500 மைல் கரையை அடைக்க லிங்கன் 1861 ஏப்ரலில் அறிவித்த முற்றுகை அது. சண்டை குறைவு. சலிப்பும் காய்ச்சலும்தான் அதிகம். தபாலும் பனிக்கட்டியும் புது இறைச்சியும் கொண்டுவரும் நீராவிக் கப்பலுக்காக மனிதர் ஏங்குவதைப் படிக்கும்போது மனசு கனத்துப்போகிறது.

காகிதத்தை மிச்சம் பிடிக்க, எழுதிய பக்கத்தையே திருப்பி வைத்து குறுக்கே மறுபடி எழுதியிருக்கிறார். அதைக்கூட எப்படியோ படித்துவிடுகிறேன். சிக்கல் மருந்து அளவில்தான். மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் வால் நீண்ட 3 போல ஒரு குறி. அது டிராம் என்ற பழைய மருந்து எடை, அதாவது கிரெயின் என்ற சிற்றெடையில் 60. அதன் தலையில் இன்னொரு வளைவு சேர்ந்தால் அவுன்ஸ். ஒரு வளைவு தவறினால் அளவு எட்டு மடங்கு மாறிவிடும்! மை ஊறிய இடங்களில் எது எது என்றே தெரியவில்லை. பழைய மருந்துச் சீட்டுகளைப் படித்துப் பழகிய மருந்தாளுநர்கள் யாராவது ஆறேழு படங்களைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

அப்புறம் இன்னொன்று. இருட்டில் விளக்கணைத்து முற்றுகையைத் தாண்டி ஓடும் கப்பலுக்கு ‘முற்றுகை மீறிக் கப்பல்’ என்று எழுதினேன். எனக்கே பிடிக்கவில்லை. கடலோரத்து நண்பர்களிடம் நல்ல சொல் இருந்தால் கொடுங்கள்.