நெகட்டிவ் நல்லா இருக்கு, பிரிண்ட் மட்டும் பச்சையடிக்குது

கேமரா பென்டாக்ஸ் கே1000, 50 எம்எம் லென்ஸ். ஃபிலிம் கோடக் கலர்பிளஸ் 200. போன மாசம் காரைக்குடியில தங்கச்சி வளைகாப்புல எடுத்தது. மதுரையில ஒரு கடையில டெவலப்பிங், ஸ்கேன், 4x6 பிரிண்ட் எல்லாம் சேர்த்து மலிவா முடிச்சுத் தர்றதா சொன்னாங்க.

வாங்கிப் பார்த்தா வயித்தெரிச்சல். நிழல் விழுற இடமெல்லாம் பச்சை. தங்கச்சி கட்டியிருந்த அரக்குப் பட்டு சாக்லேட் கலர்ல இருக்கு, ஜரிகை வெறும் வெள்ளைத் திட்டு. முகத்துல மணல் தூவின மாதிரி கிரெய்ன். கேட்டதுக்கு "ஃபிலிம்னா அப்படித்தான் சார்"னுட்டாங்க. சண்டை போட்டு மறுபடி பிரிண்ட் வாங்கினேன். இப்ப பச்சை போய் ஊதா! ஸ்கேன் ஃபைலை லைட்ரூம்ல (ஃபோட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர்) போட்டு கலரை இழுத்தும் பார்த்தாச்சு. சின்ன ஜேபெக், கொஞ்சம் நகர்த்தினாலே உடையுது.

கேமராவுல வெளிச்சம் அளக்குற மீட்டருக்குப் புது பேட்டரி போட்டு டிஜிட்டல் கேமராவோட ஒப்பிட்டேன், சரியா காட்டுது. நெகட்டிவ் ஓரத்துல இருக்குற எழுத்தும் நம்பரும் பளிச்னு இருக்கு. வெளிச்சத்துல பிடிச்சா நிழல் பகுதியிலயும் விவரம் தெரியுது. ஆனா நெகட்டிவோட பளபளப்பில்லாத மங்கலான பக்கத்துல ரோல் நீளத்துக்கும் நேர்கோடா ஒரு கீறல். இதே கேமராவுல எடுத்து வேற லேப்ல கழுவின ரோல்ல அது இல்ல.

கீறலை விடுங்க, டச்சப் பண்ணிக்கலாம். இந்த நெகட்டிவை வேற இடத்துல நல்ல ஸ்கேனர்ல 16 பிட் டிஃப்பா (TIFF, ஜேபெக்கை விட கலர் விவரம் அதிகமா இருக்குற ஃபைல்) எடுத்தா கலர் மீளுமா, இல்ல டெவலப்பிங்லயே போயிருக்குமா?