அம்மா போனில் ஓடிபி மெசேஜ்கள் தானாக மறைகின்றன

கானாடுகாத்தானில் இருக்கிறோம். அம்மாவுடையது ஆண்ட்ராய்டு 13 போன். போன வாரம் தெரிந்தவர் எண்ணிலிருந்தே வாட்ஸ்அப்பில் 'கல்யாணப் பத்திரிகை' என்று ஒரு ஏபிகே ஃபைல் (திறந்தால் போனில் ஆப்பை நிறுவும் ஃபைல்) வந்தது. நம்ம பக்கம் பத்திரிகை என்றால் யார்தான் பிரிக்காமல் விடுவார்கள், அம்மாவும் திறந்து, அது கேட்ட அனுமதியை எல்லாம் கொடுத்துவிட்டார்.

அன்று ராத்திரியிலிருந்து நாங்கள் கேட்காத ஓடிபி வருகிறது, எடுத்துப் பார்ப்பதற்குள் அந்த மெசேஜே இல்லை. சும்மா வைத்திருந்தாலும் போன் சுடுகிறது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் அம்மா பேரில் அதே ஃபைல் போயிருக்கிறது, அதுதான் பெரிய கவலை.

சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் புகார் சொல்லிவிட்டோம், வங்கியில் யுபிஐயை நிறுத்தியாயிற்று. ##002# அடித்து கால் ஃபார்வர்டிங்கை ரத்து செய்தேன், வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைஸ் எல்லாவற்றையும் நீக்கினேன். கெட்ட ஆப்பைத் தேடிப் பார்க்கும் கூகுளின் ப்ளே ப்ரொடெக்ட் எதையும் காட்டவில்லை. அந்த ஆப்புக்கு ஐகானே கிடையாது. செட்டிங்ஸ் பட்டியலில் பெயரில்லாத வெற்றுக் கட்டமாக நிற்கிறது, அன்இன்ஸ்டால் பொத்தான் மங்கிக் கிடக்கிறது. எந்த ஆப்புக்குப் போனை நிர்வகிக்கும் அதிகாரம் இருக்கிறது என்று காட்டும் டிவைஸ் அட்மின் பக்கத்தைத் திறந்தால் உடனே ஹோம் ஸ்கிரீனுக்குத் தள்ளிவிடுகிறது. நாம் போட்ட ஆப்கள் இயங்காத சேஃப் மோடிலும் அந்த அன்இன்ஸ்டால் பொத்தான் மங்கியேதான் கிடக்கிறது.

இனி போனில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட்தான் பாக்கி. ஆனால் மறைந்த அப்பாவின் படங்கள் அந்தப் போனில் மட்டும்தான் இருக்கின்றன. அவற்றை கேபிள் போட்டு லேப்டாப்பில் எடுத்தால், இந்த ஆப்பும் கூடவே வந்துவிடுமா?